கார்டு கேட்காத குற்றம்

“கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா, பாவி!”

நெவில் போட்ட சத்தத்தில், க்ளின்ட் தூக்கி வந்த பீர் பெட்டியைப் பாதி வழியிலேயே தரையில் வைத்துவிட்டான். ஸ்மித்டன் என்ற சின்ன ஊரின் கடைத்தெருவில் இருக்கும் மதுக்கடை. சனிக்கிழமை காலை, இன்னும் கதவைக்கூடத் திறக்கவில்லை.

“நானா? நான் என்ன பண்ணேன், நெவில்?”

“நடிக்காதே! மேலிடத்துலேர்ந்து மர்லீன் இப்பத்தான் போன் பண்ணினா. வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ரகசிய வாடிக்கையாளர் வந்துட்டுப் போயிருக்காம். வயசு இருபத்தஞ்சுக்குக் கீழயாம். நான் கார்டே கேக்காம பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துட்டேனாம். இன்னையோட எனக்கு வேலை இல்ல!”

ரகசிய வாடிக்கையாளர் என்றால் வேறொன்றுமில்லை. நிர்வாகம் அனுப்பும் ஆள் உங்களையும் என்னையும் போல உள்ளே வருவார், எதையாவது வாங்குவார், வெளியே போய் நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பிவிடுவார். இளவட்டமாகத் தெரிகிற எவரிடமும் வயசுக்கான கார்டைக் கேட்டே ஆகவேண்டும். ஒரே ஒரு தடவை தவறினாலும் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

அந்தக் கார்டு விஷயத்தில் நெவிலை மிஞ்ச அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. நெஞ்சுவரை தாடி வளர்த்த கால்பந்து கேப்டனையே, “காருக்குப் போய்க் கார்டை எடுத்துட்டு வாப்பா” என்று கொட்டும் மழையில் விரட்டிய மனுஷன் அவர். அவர்மேல் இப்படி ஒரு பழி!

“நல்லா யோசிச்சுப் பாருங்க. யார்கிட்டயாவது மறந்திருப்பீங்க.”

“மறக்கிற ஆளாடா நான்? சிப்பிப் பண்ணைப் பசங்க மூணு பேர் வந்தாங்க, கேட்டேன். கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிற அந்த ஜெர்மன்காரன் வந்தான், அவன்கிட்டயும் கேட்டேன். சின்ன வயசுக்காரங்கன்னு வந்தது அவ்வளவுதான் அன்னைக்கு. போன மாசம் என் இடத்தைக் கேட்டு மர்லீனுக்கு நீ கடுதாசி எழுதினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் டீ குடிக்கப் போன நேரத்துல நீ வந்து நின்னு, என் பேர்ல வித்திருக்கே!”

க்ளின்ட்டுக்கு முகம் சுருங்கிப்போனது. “கடுதாசி எழுதினது நிஜம். நீங்க ரிடையர் ஆன பிறகு எனக்குக் கொடுங்கன்னுதான் எழுதினேன். அன்னைக்கு மத்தியானம் முழுக்க நான் குளிர் அறைக்குள்ள பெட்டி அடுக்கிட்டிருந்தேன். கவுன்டரை விட்டு நீங்க நகரவே இல்ல. உங்க தங்கச்சி மக டெஸ்ஸா வந்து சிரிச்சுப் பேசினதும், நீங்க கசக்கிப் போட்ட பில்லைக்கூடக் கேட்டு வாங்கிட்டுப் போனதும் உள்ளவரைக்கும் கேட்டுதே.”

“பேச்சை மாத்தாதே! உன் மூஞ்சியிலயே இனி முழிக்க மாட்டேன்.”

சாவிக்கொத்தைக் கவுன்டரில் விட்டெறிந்துவிட்டு நெவில் வெளியேறினார். பதினோரு வருஷம் ஐயா! காய்ச்சலோடு வந்து நின்றிருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒற்றை ஆளாகச் சமாளித்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயசுக்காரரை இனி அந்த ஊரில் எவன் வேலைக்குக் கூப்பிடப் போகிறான்?

சாயங்காலம் டெஸ்ஸா வந்தாள். தங்கை மகள், இருபது வயசு, பக்கத்து நகரமான பர்னியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். சனிக்கிழமையானால் தனிக்கட்டையான மாமாவோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவள் வழக்கம். அப்பன்காரன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்கியதிலிருந்து பல்லுக்குக் கம்பி கட்டியது வரை எல்லாம் நெவில்தான்.

கொல்லையில் அடுப்பின்மேல் தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டே அவர் நடந்ததைச் சொன்னார். டெஸ்ஸா தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

“எச்சரிக்கைகூடக் குடுக்கலியா, மாமா?” என்றாள் கடைசியில்.

“எச்சரிக்கையாவது மண்ணாவது! ஒரே போன்ல முடிச்சுட்டாங்க.”

“ரொட்டியை நான் எடுத்துட்டு வரட்டுமா?”

“ரொட்டி கெடக்கட்டும். நீ உக்காரு. உன்கிட்ட சொல்லாம நான் வேற யார்கிட்டம்மா சொல்றது? எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதானே.”

அவள் உட்காரவில்லை. தொத்திறைச்சி ஒரு பக்கம் கருகி நாற ஆரம்பித்தது. நெவில் இடுக்கியை ஓங்கி அடுப்பின்மேல் அடித்தார்.

“க்ளின்ட் செட் பண்ணின ஆளோ, மேலிடம் அனுப்பின ஆளோ, எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்த அந்தப் புண்ணியவான் மட்டும் என் கையில கெடைக்கட்டும், அடிக்கக்கூட மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். என் பதினோரு வருஷ சோத்துல மண்ணள்ளிப் போட்டியே, அதுக்கு உனக்கு எவ்வளவு கொடுத்தாங்க? முந்நூறா, ஐந்நூறா?”

டெஸ்ஸா தட்டைக் கீழே வைத்தாள்.

“பதினெட்டு டாலர், மாமா. பெட்ரோல் போக எனக்கு ஒன்பதுதான் மிஞ்சுச்சு.”