ஆறாவது எறிதல்

"முழங்கைக்கு உள்ள யாரோ கத்தியை விட்டுத் திருகுற மாதிரி இருக்குப்பா. போதும். என்னால முடியாது."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வெர்லின், மகளின் கையைப் பிடித்து இழுத்து, முழங்கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை இன்னும் இறுக்கினார்.

"அஞ்சு தடவை எறிஞ்சாச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள என்ன அழுகை?"

கான்சாஸ் மாநிலப் பள்ளிகளின் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. கொரீன் இரண்டாவது இடத்தில் இருந்தாள். முதலிடத்தில் இருந்தவள் எறிந்தது நூற்று ஐம்பத்தோரு அடி. இவள் நூற்று நாற்பத்தொன்பது.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை அவள் ஈட்டியைத் தொட்டதே இல்லை. பள்ளி சாஃப்ட்பால் அணியில், மைதானத்தின் கோடியிலிருந்து பந்தை வீசிக்கொண்டிருந்தவள். அந்த வீச்சைப் பார்த்துத்தான் பள்ளிப் பயிற்சியாளர் அவள் கையில் ஈட்டியைக் கொடுத்தார். அதன்பின் தினமும் மாலையில், கோதுமை வயலை ஒட்டிய வெற்றுத் தரையில் வெர்லினே நின்று எறியவைத்தார்.

"கோச்சே வேணாங்கறாருப்பா. ரெண்டாவது இடமே பெரிசுதாங்கறாரு."

"ரெண்டாவதா? நானும் ஸ்கூல்ல படிக்கறப்ப இதே மைதானத்துல ரெண்டாவதா வந்தவன்தான். இருபத்தெட்டு வருஷமாச்சு. ஊர்ல ஒருத்தனாவது அதைப் பத்திப் பேசறானா?"

"கையே போயிடும்போல இருக்கு."

வெர்லின் குரலைத் தாழ்த்தினார்.

"மூணாவது வரிசையில பச்சைத் தொப்பி, பாத்தியா? பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளரம்மா. சேத்துக்கிட்டா நாலு வருஷப் படிப்பும் இலவசம். ஆனா இன்னும் முடிவு பண்ணலயாம். கடைசி எறியைப் பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம். உன் நல்லதுக்குச் சொல்றேன் கண்ணு. அப்புறம் உன் இஷ்டம்."

கொரீன் பச்சைத் தொப்பியையே சற்று நேரம் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈட்டியை எடுத்தாள்.

ஓடி வந்து வீசிய கணத்தில் முழங்கைக்குள் 'பட்'டென்று ஏதோ அறுந்தது. ஈட்டி பறந்தது. அவள் சுருண்டு விழுந்தாள். ஒலிபெருக்கி நூற்று ஐம்பத்தாறு அடி என்று அறிவித்தபோது, கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அரை மணி கழித்து, முதலுதவிக் கூடாரத்தில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "தசைநார் முழுசா அறுந்திருக்கு. ஆபரேஷன்தான். ஒரு வருஷத்துக்கு ஈட்டியை மறந்துடு."

பச்சைத் தொப்பிக்காரி உள்ளே வந்தாள். கொரீன் வலியோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"மிஸ் ஹார்லன், நூத்தி அம்பத்தாறு அடி! போதும்தானே? எனக்கு இடம் உண்டுதானே?"

மிஸ் ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னதைக் கேட்டேம்மா. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு இடம். இந்த வருஷமே எறியற ஆள் வேணும். மன்னிச்சுக்கோ."

"நீங்க பாக்கணும்னுதானே இவ்வளவு வலியோட எறிஞ்சேன்!"

"நான் பாக்கணும்னா? இடம் உனக்குத்தான்னு திங்கட்கிழமையே உங்கப்பாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேனே! கைவலின்னு கேள்விப்பட்டு, இந்தப் போட்டியில எறிய விடாதீங்கன்னு கெஞ்சினேனேம்மா!"

கொரீன் வெளியே பார்த்தாள். மகளின் தங்கப் பதக்கத்தைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஊர்க்காரர்களுக்கு நடுவில் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார் வெர்லின்.