செலஸ்டினாவின் ஒவ்வாமை

நோயெதிர்ப்பியல் செய்முறை வகுப்பில் எங்கள் கைகளிலேயே ஒவ்வாமைச் சோதனை செய்தோம். இறால் சாறு வைத்துக் குத்திய இடத்தில் எனக்குத் தடித்தது.

"என்னல ஜெரோன், கடக்கரைக்காரனுக்கே இறால் ஒத்துக்கலியா?" என்று முகிலன் சிரித்தான்.

"இது என் பொண்டாட்டியோட அலர்ஜி," என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

திருமணப் பதிவின்போது, எல்லாத் தம்பதிகளையும் போல, நாங்களும் எதிர்ப்புச் செல்களை மாற்றிக்கொண்டோம். அவளுடைய அம்மை எதிர்ப்போடு இதுவும் எனக்கு வந்தது. செலஸ்டினா இறந்து எட்டு மாதமாகிறது.

பேராசிரியை தடிப்பை அளந்து, என் பழைய மருத்துவப் பதிவோடு ஒப்பிட்டார்.

"போன தடவை பன்னெண்டு மில்லிமீட்டர், இப்ப நாலுதான். அவங்க செல்லெல்லாம் குறைஞ்சிட்டே வருது. அடுத்த வருஷம் நீ தாராளமா இறால் சாப்பிடலாம்ப்பா."

"குறையாம இருக்க ஊசி ஏதும் இருக்கா, மேடம்?" என்று கேட்டேன்.