ராஜதந்திர விசா

"எனக்குக் கிடைச்சது சும்மா விசா இல்ல மாமா, ராஜதந்திர விசா!"

கல்முனைக்குடியில் இதை றஸாக் யாரிடம்தான் சொல்லவில்லை? சலூனில் சொன்னார். மீன் கடையில் சொன்னார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

கடற்றொழில் திணைக்களத்தில் அவருக்கு உத்தியோகம். கரீபியன் தீவொன்றில் நடக்கும் சர்வதேச மாநாட்டுக்கு அரச தூதுக்குழு போகிறது. இரண்டு பெரியவர்கள், அவர்களுடைய கோப்புகளைத் தூக்க றஸாக்.

வழியில் மியாமியில் விமானம் மாறவேண்டும். அதற்காக அமெரிக்காக்காரன் கொடுத்தது, அரச அலுவலாகப் போகிறவர்களுக்கான ட்ரான்ஸிட் விசா. இறங்கலாம், அடுத்த விமானத்தில் ஏறலாம். ஊருக்குள் ஓர் எட்டு வைக்க முடியாது. அந்தப் பகுதியை மட்டும் றஸாக் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அப்துல் கபூர் பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தார். மியாமி என்றதும் தலையைத் தூக்கினார்.

"என்ட மகன் இன்ஸாப் அங்கதானே இரிக்கான்! ரெண்டு மாசமா என்னோட கதைக்கல்ல. இவளுக்கிட்டக் கேட்டா வேல கூட எண்டுறாள். ஒருக்காப் பாத்துட்டு வாங்க மகன்."

தேத்தண்ணியோடு நின்ற அவர் மனைவி சுபைறா கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏலாது என்று சொல்ல றஸாக்குக்கு வாய் வரவில்லை. ராஜதந்திரி அல்லவா!

"அதுக்கென்ன மாமா, கட்டாயம் பாப்பன்."

வீட்டுக்கு வந்ததும், மதிலோரம் நின்று கேட்டிருந்த மனைவி ஸகியா பிடித்துக்கொண்டாள். "எயார்போட்ட விட்டு வெளிய போக ஏலாதெண்டு எனக்குச் சொன்னீங்களே?"

"மெல்லக் கதை. மதிலுக்கு அங்கால கேக்கும்."

மியாமியில் பெரியவர்கள் இரண்டு பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள். றஸாக் அவர்களுடைய பைகளுக்குக் காவல். கண்ணாடிக்கு அப்பால் அமெரிக்கா வெயிலில் பளபளத்தது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமே என்று வாசல் பக்கம் நடந்தார்.

"எங்கே?" என்றான் காவலாளி.

"டொயிலட்" என்றார் ராஜதந்திரி.

அவன் மறுபக்கம் கையைக் காட்டினான்.

ஊர் திரும்பியவர் பெட்டியைத் திறக்கவில்லை, கபூர் கூப்பிடுவதாக ஆள் வந்துவிட்டது. போனால், தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

"கண்டீங்களா மகன்?"

"கண்டன் மாமா!"

தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. "கார்ல வந்து கூட்டிட்டுப் போனான். மாடி வீடு. ஆள் நல்லாக் கொழுத்துட்டான். அவனே புரியாணி ஆக்கித் தந்தான். ஒங்களக் கேட்டுக் கேட்டு அழுதான்."

பொய்க்கு விசாக் கட்டுப்பாடு கிடையாதே! அது மியாமி முழுக்கச் சுற்றி வந்தது.

கபூரின் கண் நிறைந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்... சுபைறா, சோறு போடு. பசிக்கி."

சோற்றை வைத்துவிட்டு, சுபைறா றஸாக்கையே பார்த்தாள். அவர் அவசரமாக "வாறன் மாமா" என்று எழும்பி நடந்தார். வாசல் படலையடியில் பின்னால் சுபைறாவின் குரல் கேட்டது.

"மகன், நில்லுங்க."

அகப்பட்டுப்போனது அவருக்கு விளங்கிவிட்டது. நாளைக்கு மீன் கடையிலும் சலூனிலும் இதுதான் கதை.

"இன்ஸாப் புரியாணி ஆக்கினானா?"

"ஓ... ஓம் மாமி."

சுபைறா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"விசா முடிஞ்சும் நிண்டானெண்டு புடிச்சி அடைச்சி வெச்சிரிக்காங்க, மகன். ரெண்டு மாசமாகிது. எனக்கு மட்டுந்தான் தெரியும். மாமாக்குச் சொன்னா தாங்கமாட்டார்."

றஸாக் படலையைப் பிடித்துக்கொண்டார். "மாமி, என்ன மன்னிச்சிருங்க. நான் எயார்போட்ட விட்டு வெளியவே போகல்ல..."

"தெரியும். அங்க பிளேன் மாறப் போறவங்கள வெளிய போக விடமாட்டாங்களெண்டு இன்ஸாப்பே எப்பவோ சொல்லிரிக்கான்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்த மனிசன் வாயால கேட்டுச் சோறு திண்டு எத்தின நாள் தெரியுமா?"

றஸாக் மெல்லப் படலையைத் திறந்தார்.

"நாளைக்கும் வந்து இதையே சொல்லுங்க மகன். கார் என்ன நிறமெண்டு கேப்பார், யோசிச்சிட்டு வாங்க."