டப்பாவுக்கு ஒரு பூட்டு

விளக்கைக் கொடுத்துவிட்டாள். சொல்லைத்தான் கொடுக்கவில்லை.

அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றான். தலையில் புதுத் தொப்பி. கையில் அவள் நீட்டிய சுரங்க விளக்கு.

நகரவில்லை.

பின்னால் காலை ஷிப்டு முழுவதும் வரிசையில் நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. இருமாத வரிசையை அந்தக் கரிச் சுரங்கம் அதுவரை பார்த்ததில்லை.

போஸ்னிய மலைகளுக்கு நடுவே கரிக்காகவே பிறந்த ஊர் அது. வியன்னாவில் மன்னர் இருந்த காலத்தில் தோண்ட ஆரம்பித்தார்கள். மன்னர் போனார். பிறகு வந்த கொடிகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு சொல் மட்டும் போகவில்லை.

ஸ்ரெத்னோ.

நல்லபடியாகப் போய் வா என்று அர்த்தம். தெருவில் எதிர்ப்பட்டால் அதுதான் வணக்கம். குழிக்குள் இறங்குகிறவனுக்கு விளக்கறை ஜன்னலில் அதுதான் விடை. விளக்கு கொடுக்கிறவள் அதைச் சொல்லாமல் எவனும் இறங்க மாட்டான். மீறி இறங்குகிறவனோடு எவனும் குழிக்குள் இறக்கும் கூண்டில் ஏற மாட்டான்.

ஆகவே, ஸும்ரெத்தா வாயைத் திறக்காவிட்டால் ஓஸ்தோயாவுக்கு இன்று வேலை இல்லை. முதல் நாளே திரும்பிப் போகிறவனை நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்?

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் இருவரும் அடுத்தடுத்த வீடு. அவன் தேவாலயத்துக்குப் போகிறவன், அவள் மசூதிக்குப் போகிறவள். குழிக்குள் எல்லார் முகமும் ஒரே கறுப்பு என்பதால் மேலேயும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாட்டில் சண்டை வரும் வரை.

அந்த வசந்தத்தில் ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தான். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தான். மறுநாள் காலை அவன் வீடு காலி. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, தையல் மெஷினும் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று அவன் தரப்பு ஆட்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்திருந்தது.

பிறகுதான் ஊர்மேல் குண்டு விழுந்தது.

அவன் போனதை அவளால் மன்னிக்க முடிந்தது. உயிர் யாருக்குத்தான் வெல்லம் இல்லை? சொல்லாமல் போனானே, அதை மன்னிக்க முடியவில்லை. அவள் காபியைக் குடித்துக்கொண்டே சொல்லாமல் இருந்தானே.

அந்தக் குளிர்காலத்தில் கணவன் போர்முனையில் இருந்தான். மடியில் கைக்குழந்தை. சுரங்கம் தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் அடுப்புக்கரி அவள் வீட்டில் டிசம்பரிலேயே தீர்ந்துபோனது. ஓஸ்தோயாவின் கரிக் கொட்டகை திறந்து கிடந்தது. உள்ளே பாதிக்கு மேல் கரி. ஓடுகிற அவசரத்தில் பூட்ட மறந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

அள்ளினாள். ஒவ்வொரு வாளிக்கும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே ரொட்டி சுட்டாள், குழந்தைக்கு வெந்நீர் வைத்தாள். கரிக்கு ரோஷம் கிடையாது. நன்றாகவே எரிந்தது.

அந்தக் குழந்தை இப்போது அவள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

இவன் திரும்பி வந்திருக்கிறான். காது ஓரமெல்லாம் நரை.

ஓஸ்தோயா சட்டைப் பையில் கை விட்டான். குழிக்குள் தீப்பிடிக்கும் வாயு உண்டு. அதனால் சிகரெட்டையும் லைட்டரையும் ஜன்னலிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். மற்றவர்கள் அப்படியே பலகைமேல் போட்டுவிட்டுப் போவார்கள். அவன் ஒரு தகர டப்பாவை எடுத்தான். லைட்டரை உள்ளே வைத்தான். மூடினான். சின்னப் பூட்டு ஒன்றை மாட்டிப் பூட்டினான்.

பூட்டை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

"யோவ், அந்த டப்பா இன்னும் இருக்கா!" என்று வரிசையில் ஒரு பழைய ஆள் தன்னை மறந்து கத்திவிட்டான்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இவன் இப்படித்தான். கோழிக்கூட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டவன். வேலைக்குப் புறப்பட்டவன் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து, பூட்டிய கதவையே ஆட்டிப் பார்ப்பவன். தெருவே கேலி செய்யும்.

சிரிப்பு பாதியில் நின்றது.

டப்பாவைப் பார்த்தாள். அந்தச் சின்னப் பூட்டைப் பார்த்தாள்.

அவள் வாயிலிருந்து எதுவும் வரப்போவதில்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான். விளக்கை மெதுவாகப் பலகைமேல் வைத்தான். டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கை நீட்டினான்.

அவள் டப்பாமேல் கையை வைத்தாள்.

"கரிக் கொட்டகைய ஏன் பூட்டாமப் போன?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. புதுத் தொப்பியின் வாரைச் சரிசெய்தான்.

"பாப்பாவுக்கு இருமல் இருந்துச்சே."

இத்தனை வருஷம் திட்டிய திட்டெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதைத் தாண்டி அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவருவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. விளக்கை எடுத்து மறுபடியும் அவனிடம் நீட்டினாள்.

"ஸ்ரெத்னோ, ஓஸ்தோயா."

பதிலுக்கு அவனும் அதையே சொல்ல வேண்டும். அதுதான் முறை. அவனால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். பின்னால் நின்றவன்தான் அவனுக்கும் சேர்த்துச் சொன்னான்.

வரிசை நகர்ந்தது. விளக்குகள் போயின. கூண்டு இறங்கும் சத்தம் கேட்டு, பிறகு அதுவும் கேட்காமல் போனது.

ஸும்ரெத்தா டப்பாவை அலமாரியில் வைத்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.