திறப்பு விழாவுக்கு ஒரு தேதி

“டிசியக் குடுத்துடுங்க டீச்சர். வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஸ்கூல்ல சேர்க்கணும்.”

ராக்கம்மாள் இப்படிச் சொன்னதும் தலைமை ஆசிரியை ரங்கநாயகி பேனாவைக் கீழே வைத்தார். ஸ்ரீரங்கத்தில் இருந்த அந்த அரசுப் பள்ளியில் பிள்ளைகள் ஏற்கெனவே குறைந்துகொண்டே வந்தார்கள். ராக்கம்மாளின் மகள் இளவேனில் போனால் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பின்னாலேயே போய்விடுவார்கள். அப்புறம் பள்ளியை வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள்.

“கொஞ்சம் பொறும்மா. புதுக் கட்டடத்தத் தெறந்துடுவாங்க.”

“தையிலேர்ந்து இதையேதானே சொல்றீங்க! நாலாப்பும் அஞ்சாப்பும் ஒரே ரூம்ல. எம்மவ நாலாப்புக் கணக்கக் கேப்பாளா, அஞ்சாப்புப் பாட்டக் கேப்பாளா? எதிர்லயே டைல்ஸ் போட்ட கட்டடம், ஃபேன் எல்லாம் மாட்டி, பூட்டிக் கெடக்கு. யாருக்கு வச்சிருக்கீங்க, பொறாவுக்கா?”

நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தைக் கட்டிவிடலாம் போலிருக்கிறது, அதைத் திறக்கத்தான் நம் ஊரில் நாதி இல்லை. ரங்கநாயகிக்குப் பொறுமை போயே போய்விட்டது. ராக்கம்மாளையும் கையோடு அழைத்துக்கொண்டு பஸ் ஏறி, தென்னூரில் இருந்த எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய் இறங்கினார்.

எம்.எல்.ஏ. சென்னைக்குப் போயிருந்தார். உதவியாளர் பீமராவ் இருந்தார். அவருக்கு எதிரே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கவுன்சிலர் சிவசங்கர். புதுக் கட்டடத்தின் சாவி அவர் வீட்டு பீரோவில்தான் பத்திரமாக இருந்தது.

“நல்லதாப் போச்சு, நீங்களும் இருக்கீங்க. சாவியக் குடுங்க சார். இல்லேன்னா நாளைக்குப் பூட்ட ஒடச்சுடுவேன்” என்றார் ரங்கநாயகி.

“என்ன டீச்சர் இப்படிப் பேசறீங்க? அமைச்சர் வந்து தெறக்காத கட்டடத்துல யாரும் கால் வைக்கக் கூடாது. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“தையில அமைச்சர் பிஸின்னீங்க. பங்குனியில பரீட்சை நடக்குதுன்னீங்க. சித்திரையில வெயில்னீங்க. இப்ப ஆனி. விட்டா அடுத்து ஆடி ஆகாதும்பீங்க!”

“ஆடி ஆகாதுதானே?” என்றார் சிவசங்கர், நிஜமான அக்கறையோடு.

ரங்கநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பீமராவ் சார், நீங்களாவது கேளுங்க. இந்த அம்மா டிசி கேட்டு நிக்கறாங்க. இவங்க போனா ஸ்கூலே போயிடும். அப்புறம் அமைச்சர் வந்து காலிக் கட்டடத்தத்தான் தெறக்கணும்.”

பீமராவ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் நாள் முழுக்க இதே பஞ்சாயத்து அவருக்கு. சென்னையில் அமைச்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். பள்ளியின் பெயரைச் சொல்லி, திறப்பு விழாவுக்கு ஒரு தேதி வேண்டும் என்றார்.

“இருங்க, பார்க்கறேன்.” கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் சொன்னது: “சார், அது தையிலயே தெறந்தாச்சே!”

“என்னது?”

“ஆமா சார். சென்னையிலேர்ந்தே வீடியோ கான்ஃபரன்ஸ்ல. ஒரே நாள்ல மாநிலம் முழுக்க எத்தனையோ கட்டடம். உங்க ஊர்லயும் பெரிய ஸ்க்ரீன் வச்சு விழா நடந்துச்சே. எல்லா ஸ்கூல்லேர்ந்தும் கூட்டம் வந்திருந்துச்சே.”

“சும்மா சொல்றாங்க” என்று சிவசங்கர் எழுந்துவிட்டார். “என் வார்டுல எனக்குத் தெரியாம எப்படித் தெறப்பாங்க? ஆதாரம் இல்லாம சாவியத் தர மாட்டேன்.”

ஆதாரம் ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது. நாலு பேரும் பீமராவின் போனைச் சுற்றிக் குனிந்தார்கள்.

பெரிய பந்தல். திரையில் அமைச்சர் பொத்தானை அழுத்தினார். ஒரு பெண் குரல் பள்ளிகளின் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் பந்தலில் கைதட்டல். இடையில் இவர்கள் பள்ளியின் பெயரும் கணீரென்று வந்தது. அப்போது முன் வரிசையில் சிவசங்கர் குனிந்து தன் போனை நோண்டிக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது.

பீமராவ் வீடியோவை நிறுத்தினார். ரங்கநாயகி பிடித்துக்கொண்டார்.

“காதுல பஞ்சா வச்சிருந்தீங்க? உங்க வார்டு ஸ்கூல் பேர மைக்குல வாசிக்கறாங்க, நீங்க பாட்டுக்கு போன நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க! இத்தன மாசமா என் புள்ளைங்க மூச்சு முட்டிக் கெடக்குதுங்க. பொறுப்புன்னு ஒண்ணு வேணாம்? ஒரு மனுஷன் அந்த எடத்துல இருந்துக்கிட்டே இதக் கேக்காம இருக்க முடியுமா?”

சிவசங்கர் முகம் செத்துப் போயிற்று. “வீட்டுக்குச் சொல்றேன். சாவியக் குடுத்து அனுப்புவாங்க” என்று முணுமுணுத்தார்.

“இனிமே டிசி கேப்பியா ராக்கம்மா?” என்றார் ரங்கநாயகி வெற்றியோடு.

ராக்கம்மாள் சிரித்தாள். “மிச்சத்தையும் போடுங்க சார், பார்ப்போம்.”

பீமராவ் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். அதே கைதட்டல் ஓய்வதற்குள் கேமரா பந்தலின் மறுபக்கம் திரும்பியது.

“ஐய, எம்மவ!” என்று கத்தினாள் ராக்கம்மாள்.

இளவேனிலும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், மேடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “இன்னும் சத்தமா, இன்னும் சத்தமா!” என்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தார் ரங்கநாயகி.