கழுத்தளவு

கப்பலின் முன்கதவு கடலுக்குள் சாய்ந்ததும், படையிலேயே குள்ளமான தேவசகாயம்தான் முதலில் இறங்குவான். அவன் தலை வெளியே தெரிந்தால் மற்றவர்கள் இறங்கலாம். இன்று அவன் மார்பளவு நீரில் நின்றபோது, யாரும் அசையக்கூடாது என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது.

"என்னவாம் சார்?"

"கரையேறுற படையே இனி வேணுமான்னு தலைநகர்ல பேசுறாங்க," என்றார் கதவில் நின்ற ஹவில்தார். "வேணும்னா அது தரைப்படைக்கா, கடற்படைக்கான்னு அடுத்த சண்டை."

"நான் மீனா மனுசனான்னு சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க. தண்ணி ஏறுது."

நீர் அவன் கழுத்தைத் தொட்டபோது ஹவில்தார் வயர்லெஸ்ஸில் மறுபடி கேட்டார்.

"டீ குடிக்கப் போயிருக்காங்களாம், தேவா."

நீருக்கு மேலே இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியும் மட்டும் தெரிந்தன. ஹவில்தார் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.