அடியில் போன கடிதம்

பாய்லர் வெடித்துச் செத்தவர்களுக்காகப் பதினைந்து வருடம் இழுத்த வழக்கு, அன்று தள்ளுபடியானது. பாய்லர் கசிவது முதலாளிக்கு முன்பே தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம்.

"பாய்லர் கசியுதுன்னு முதலாளிக்குக் கடிதம் போனது எனக்குத் தெரியும் சார். கிழிச்சுப் போட்டிருப்பானுங்க," என்று பொரிந்தாள் ஜூனியர் வக்கீல்.

"கம்பெனிக்காரங்க அறுபதாயிரம் பக்கமும் கொடுத்துட்டாங்களேம்மா. காகிதத்தைத் தரம் பிரிக்கற மிஷின் முக்கியம்னு முன்னால தள்ளின ரெண்டாயிரத்தைத்தானே நாம படிச்சோம்?" என்றார் சீனியர். "அதுக்குப் பாடம் நடத்தினது நீதானே?"

அவள்தான். மிஷின் பார்த்துக் கற்றுக்கொள்ள, மாதிரிக்கு ஐந்நூறு காகிதங்களில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று குறித்துக் கொடுத்திருந்தாள். அதில் கையால் எழுதியவை எல்லாம் லீவு கேட்டும் சீருடை கேட்டும் வந்தவை. தேடியது கிடைக்காத ஆத்திரத்தில் அத்தனைக்கும் 'வேண்டாம்' போட்டிருந்தாள். கையால் எழுதியது என்றாலே வேண்டாம் என்று மிஷின் கற்றுக்கொண்டது.

மிஷின் வரிசைப்படுத்திய பட்டியலை அடியிலிருந்து திறந்தாள். நான்காவது பக்கத்திலேயே இருந்தது.

'ஐயா, பாய்லர் கசிகிறது. பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கிறது. சீக்கிரம் பார்க்கவும்.' வெடிப்பதற்கு இருபது நாள் முந்திய தேதி.

சீனியர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா இது?"

"பாய்லர்ல வேலை பார்த்தவர் சார். முதல்ல செத்தவர். கீழ இருக்கறது அவர் கைநாட்டு."

"கைநாட்டுன்னா, கடிதத்தை எழுதினது யாரு?"

"நான்தான் சார்," என்றாள். "அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அப்போ அஞ்சாவது படிச்சேன்."